கார்டுக்குப் பின்னால் இருப்பது யார்?

அன்புள்ள நிலா,

உன் கடிதம் கிடைத்தது. வடிவமைப்பு மென்பொருளுக்கு மாதம் 20 டாலர் கட்ட வேண்டும், வங்கியின் டெபிட் கார்டை அந்தத் தளம் ஏற்கவில்லை, கிரிப்டோ போட்டு நிரப்பிக்கொள்ளும் விர்ச்சுவல் கார்டு ஒன்றைத் தோழி காட்டினாள், ஆதாரும் பானும் கேட்காமல் ஐந்து நிமிடத்தில் கொடுத்துவிடுகிறார்களாம், வாங்கலாமா பெரியம்மா என்று கேட்டிருக்கிறாய். வாங்கு என்றோ வாங்காதே என்றோ ஒரே சொல்லில் சொல்லிவிட்டால், நாளைக்கு வேறு பெயரில் வேறொரு சேவை வரும்போது நீ மறுபடியும் யாரையாவது கேட்டுத்தான் ஆக வேண்டும். நீயே எடைபோட்டுப் பார்க்கும்படி எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

அந்தக் கார்டு எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். செயலியில் நீ கணக்குத் திறந்ததும் ஒரு வாலட் முகவரி தருவார்கள். உன்னிடம் இருக்கும் டெதர் போன்ற கிரிப்டோ நாணயத்தை அதற்கு அனுப்புகிறாய். வந்து சேர்ந்ததும் திரையில் ‘இருப்பு 100 டாலர்’ என்று காட்டுகிறது. அப்புறம் 16 இலக்க எண், காலாவதித் தேதி, மூன்று இலக்க சிவிவி எண் ஆகியவை கிடைக்கின்றன. அந்த எண்ணை மென்பொருள் நிறுவனத்தின் தளத்தில் கொடுக்கிறாய். அவர்களுக்குப் போய்ச் சேர்வது சாதாரண டாலர். நீ கொடுத்தது கிரிப்டோ என்பதே அவர்களுக்குத் தெரியாது.

திரையில் தெரிகிற அந்த 100 டாலர் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பார். செயலி நடத்தும் நிறுவனம் பெரும்பாலும் கார்டு வெளியிடும் உரிமம் பெற்றதல்ல. அது ஓர் இடைநிலை நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டிருக்கும். அந்த இடைநிலை நிறுவனம், விசா அல்லது மாஸ்டர்கார்டில் உறுப்பினராக உள்ள வங்கியையோ மின்பண நிறுவனத்தையோ சார்ந்திருக்கும். அதற்கும் மேலே விசாவோ மாஸ்டர்கார்டோ இருக்கிறது. உனக்கும் கடைக்கும் நடுவே இப்படி நான்கு பேர். உன்னோடு ஒப்பந்தம் செய்துகொண்டவர் பல சமயம் முதலாமவர் மட்டுமே. கார்டை ஒரே நாளில் நிறுத்திவிடும் அதிகாரமோ மற்ற மூவரிடமும் இருக்கிறது. இந்தச் சேவைகளின் அபாயம் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். கிப்ரால்டரில் வேவ்கிரெஸ்ட் என்றொரு நிறுவனம் இருந்தது. ஐரோப்பாவில் பிட்காயின் கார்டு கொடுத்துவந்த வைரெக்ஸ், கிரிப்டோபே, பிட்வாலா, டென்எக்ஸ் எல்லாம் வெவ்வேறு பெயர், வெவ்வேறு நிறம், வெவ்வேறு விளம்பரம். ஆனால் இவர்கள் எல்லோருக்கும் கார்டை வெளியிட்டது வேவ்கிரெஸ்ட்தான். 2018 ஜனவரி 5 அன்று விசா அதன் உறுப்பினர் தகுதியை ரத்து செய்தது. தன் விதிகளைத் தொடர்ந்து மீறியதே காரணம் என்றது. அன்றே அத்தனை கார்டுகளும் செயலிழந்தன. எச்சரிக்கைக்காக ஒரு வாரம்கூடக் கிடைக்கவில்லை. ஒன்று நின்றால் இன்னொன்று இருக்கட்டும் என்று முன்யோசனையோடு இரண்டு சேவைகளில் கார்டு வாங்கியவர்களுக்கும் இரண்டுமே ஒன்றாகப் போயின. இரண்டும் ஒரே வேரில் நின்றவை என்பது அவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டாவது, 2020இல் ஜெர்மனியின் வயர்கார்டு. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட பெரிய பணப் பரிமாற்ற நிறுவனம். அதன் கணக்கில் 190 கோடி யூரோ இல்லவே இல்லை என்பது ஜூன் மாதத்தில் வெளிப்பட்டது. 25ஆம் தேதி அது திவால் மனு கொடுத்தது. மறுநாள் பிரிட்டனின் நிதி ஒழுங்குமுறை ஆணையம், வயர்கார்டின் பிரிட்டன் கிளை நிறுவனம் செயல்படத் தடை போட்டது. அதை நம்பியிருந்த கிரிப்டோ.காம் கார்டுகள் நின்றன. கிரிப்டோவுக்குச் சம்பந்தமே இல்லாத பல ப்ரீபெய்டு கார்டுகளும் கூடவே முடங்கின. கையிலிருக்கும் ஒரே கார்டை நம்பி மளிகை வாங்கும் ஏழைக் குடும்பங்களும் பாதிக்கப்பட்டன. சில நாட்களில் தடை விலகியது, பணமும் திரும்பியது. திரும்பியதற்குக் காரணம் ஒரு சட்டம். வாடிக்கையாளர் பணத்தை நிறுவனம் தன் பணத்தோடு கலக்காமல் தனியாக வைக்க வேண்டும் என்று அங்கே மின்பண நிறுவனங்களுக்கு விதி இருந்தது.

இந்த விதியை நீ மனதில் பதித்துக்கொள். தெருவில் மாதச் சீட்டுக் கட்டுகிறவர்கூடச் சீட்டுப் பிடிப்பவர் யார், அவர் வீடு எங்கே என்று கேட்டுக்கொண்டுதான் முதல் தவணையைக் கொடுப்பார். உன் 100 டாலரை எந்த நாட்டில், எந்தச் சட்டத்தின் கீழ், யார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்பதும் அதே கேள்விதான். பதில் கிடைத்தால் பேச்சைத் தொடரலாம். கிடைக்காவிட்டால், நிறுவனம் மூடிய அன்று நீ கடன் கொடுத்தவர்கள் வரிசையில் கடைசியில் நிற்கிற ஒருத்தி. 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ சந்தை திவாலானபோது, அதன் கார்டு திட்டத்துக்குத் துணை நின்ற விசா ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு விலகியது. உள்ளே பணம் போட்டிருந்தவர்களால் அப்படி விலக முடியவில்லை.

ஆதாரும் பானும் கேட்காதது வசதி என்று உன் தோழி நினைக்கிறாள். அதுதான் எனக்குப் பெரிய கவலை. கார்டு வெளியிடும் எந்த உரிமம் பெற்ற நிறுவனத்துக்கும், பணத்தின் சொந்தக்காரர் யார் என்று தெரிந்திருக்க வேண்டிய கடமை இருக்கிறது. அப்படியிருக்க உன்னைக் கேட்காமல் எப்படிக் கார்டு வருகிறது? சில சேவைகள், அலுவலகச் செலவுக்கென்று நிறுவனங்களுக்குத் தரப்படும் கார்டுகளை மொத்தமாக வாங்கிப் பொதுமக்களுக்குச் சில்லறையாகக் கொடுக்கின்றன. ஏட்டில் அந்தக் கார்டு உன்னுடையதே அல்ல. வெளியிட்ட வங்கி இதைக் கண்டுபிடித்தால் திட்டத்தையே மூடிவிடும். இல்லாவிட்டால் பணம் உள்ளே போனபிறகு ஒருநாள் ‘கணக்கு முடக்கப்பட்டது, பாஸ்போர்ட் அனுப்புக’ என்று செய்தி வரும். கொடுக்காவிட்டால் பணம் போகும். கொடுத்தால் முகம் தெரியாதவர் கையில் உன் பாஸ்போர்ட் போகும். அப்போது நாணயத்தைத் திரும்ப எடுக்கவும் முடியாது. ஒருமுறை அனுப்பிய கிரிப்டோவைத் திருப்பித் தரச்சொல்லிக் கேட்க ஒரு வங்கி மேலாளரும் இல்லை.

அனுப்புவதிலேயே தவறவும் வாய்ப்புண்டு. டெதர் பல வலைப்பின்னல்களில் ஓடுகிறது. டிரான் முகவரி ‘டி’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். எதீரியம் முகவரி பூஜ்யமும் ‘எக்ஸ்’ எழுத்துமாகத் தொடங்கும். செயலி ஏற்காத வலைப்பின்னலில் அனுப்பிவிட்டால் பணம் பெரும்பாலும் கைக்கு வராது. நகலெடுத்து ஒட்டும்போது முகவரியை மாற்றிவிடும் தீநிரல்களும் உலவுகின்றன. டாலரோடு கட்டப்பட்ட நாணயம் (ஸ்டேபிள்காயின்) என்பதால் விலை அசையாது என்றும் எண்ணிவிடாதே. 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி கவிழ்ந்தபோது யுஎஸ்டிசி நாணயத்தின் கையிருப்பில் 330 கோடி டாலர் அங்கே சிக்கியிருந்தது. ஒரு டாலர் இருக்க வேண்டிய நாணயம் 90 சென்ட்டுக்கும் கீழே இறங்கி, இரண்டு மூன்று நாளில் மீண்டது. அந்த வார இறுதியில் பணம் தேவைப்பட்டவர்களுக்கு அது மீண்டதால் பயனில்லை.

செலவையும் போட்டுப் பார்ப்போம். இவை எடுத்துக்காட்டுக்கான எண்கள். நீ பார்க்கும் சேவையின் கட்டணப் பட்டியலை வைத்து நீயே மறுபடி போட்டுப் பார். 100 டாலர் மதிப்புள்ள நாணயம். வலைப்பின்னல் கட்டணம் 1 டாலர். கார்டு திறக்க 5 டாலர். மிச்சம் 94. நிரப்பும் கட்டணம் 3 விழுக்காடு. கையில் நிற்பது 91 டாலருக்குச் சற்று அதிகம். மாதக் கட்டணம், மறுக்கப்பட்ட பரிவர்த்தனைக்குக் கட்டணம் இவையெல்லாம் இனிமேல்தான். நம் வங்கிக் கார்டில் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 விழுக்காடு, அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி என்று வைத்தாலும் 100 டாலருக்கு 4 டாலரும் சில சென்ட்டும்தான் ஆகும்.

வரியும் உண்டு. இந்தியாவில் 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோவில் வரும் லாபத்துக்கு 30 விழுக்காடு வரி, அதன்மேல் 4 விழுக்காடு செஸ். விற்றால்தான் வரி என்று பலர் நினைக்கிறார்கள். நாணயத்தைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவதும் கைமாற்றுவதுதான். 85 ரூபாய்க்கு வாங்கிய டெதரை 88 ரூபாய் மதிப்பில் கார்டில் ஏற்றினால், 100 டெதருக்கு 300 ரூபாய் லாபம். வரி 93 ரூபாய் 60 காசு. தொகை சிறிதுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் வாங்கிய விலை, ஏற்றிய நாள், அன்றைய மதிப்பு மூன்றையும் எழுதிவைத்து வருமான வரிப் படிவத்தில் காட்ட வேண்டியவள் நீ. ஒரு நாணயத்தில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் சட்டம் இடம் தரவில்லை. வரியோடு முடியவில்லை. நேரடி ஆள்வழி விற்பனையில் முன்பின் தெரியாதவரிடம் நாணயம் விற்று வாங்கிய பணம் மோசடிப் பணமாக இருந்து, வங்கிக் கணக்கே முடக்கப்பட்டவர்களும் நம் நாட்டில் இருக்கிறார்கள்.

அப்படியானால் இந்தக் கார்டுகளுக்கு நியாயமான தேவையே இல்லையா? இருக்கிறது. 2022இல் நைஜீரியாவில் பல வங்கிகள் நைரா கார்டுகளின் வெளிநாட்டுச் செலவை நிறுத்தின அல்லது மிகவும் சுருக்கின. அதே ஆண்டு மார்ச்சில் விசாவும் மாஸ்டர்கார்டும் ரஷ்யாவில் சேவையை நிறுத்தின. படிப்புக் கட்டணமோ சர்வர் வாடகையோ கட்ட வேறு கதவு இல்லாதவர்கள் இந்தக் கதவைத் தட்டியதைக் குறை சொல்ல மாட்டேன். வேறு வழி இல்லாதபோது எடுக்கும் அபாயத்துக்கு ஒரு நியாயம் உண்டு. பக்கத்திலேயே நல்ல வழி இருக்கும்போது அதே அபாயத்தை எடுப்பதற்கு அந்த நியாயம் கிடையாது.

உனக்கு நல்ல வழி இருக்கிறது. உன் டெபிட் கார்டு மறுக்கப்பட்டதற்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது ஒரு பொத்தானை. ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2020 அக்டோபர் முதல் புதிய கார்டுகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்து வருகின்றன. வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் நாமே போய்த் திறக்க வேண்டும். கார்டு பிரிவில் பார். வரம்பை 2,500 ரூபாய் என்று வைத்துத் திற. கட்டி முடித்ததும் மூடிவிடு. அப்படியும் நடக்காவிட்டால், மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும் முறைக்கு 2021 அக்டோபரில் வந்த விதிகளுக்கு அந்த மென்பொருள் நிறுவனம் ஒத்துப்போகவில்லை என்று பொருளாக இருக்கலாம். ஓராண்டுச் சந்தாவை ஒரே தவணையாகக் கட்ட முடியுமா என்று கேட்டுப் பார். வங்கிக் கார்டில் மோசடி நடந்தால் உனக்கு ஒரு பிடியும் உண்டு. உன் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வெளியார் ஒருவர் பணம் எடுத்தால், மூன்று வேலைநாளுக்குள் தெரிவித்துவிட்டால் உனக்குப் பொறுப்பு இல்லை என்று ரிசர்வ் வங்கி 2017இலேயே சொல்லிவிட்டது.

என்றாவது வெளிநாட்டு வாடிக்கையாளர் உனக்கு ஸ்டேபிள்காயினில் கூலி தந்து, கிரிப்டோ கார்டுதான் வழி என்று ஆனால், இதைச் செய். விதிமுறைப் பக்கத்தின் அடியில் ‘இந்தக் கார்டை வெளியிடுவது இன்னார்’ என்ற வரியைத் தேடு. அந்தப் பெயரை அந்த நாட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவேட்டில் நீயே போய்ச் சரிபார். செயலி தரும் இணைப்பை அழுத்திப் பார்க்காதே. வாடிக்கையாளர் பணம் தனியாக வைக்கப்படுகிறதா, கார்டு நின்றுபோனால் மீதி எத்தனை நாளில், எந்த வடிவில் திரும்பும் என்று எழுத்தில் இருக்கிறதா பார். டெலிகிராமில் மட்டும் முகவரி உள்ள சேவை என்றால் அங்கேயே நிறுத்திவிடு. எல்லாம் சரியாக இருந்தாலும் அந்த மாதத்துக்குத் தேவையானதை மட்டும் ஏற்று. கார்டைச் சேமிப்புப் பெட்டி ஆக்காதே. முதலில் 10 டாலர் ஏற்றி, அதில் பாதியைத் திரும்ப எடுத்துப் பார். பணம் உள்ளே போகும் வேகத்தை எல்லோரும் விளம்பரம் செய்வார்கள். வெளியே வரும் விதத்தை நீதான் சோதிக்க வேண்டும். ஏமாற்றப்பட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழை.

இவ்வளவும் எழுதியது உன்னைப் புதுத் தொழில்நுட்பத்திடமிருந்து விலக்கிவைக்க அல்ல. நீ கண்விழித்து வரைந்து சம்பாதிக்கும் பணம் அது. அதைக் கையில் வாங்குகிறவர் தன் பெயரைச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்க உனக்கு முழு உரிமை இருக்கிறது. இன்றைக்கே வங்கிச் செயலியைத் திறந்து அந்தப் பொத்தான் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து எழுது. அப்படியும் கார்டு மறுக்கப்பட்டால், மறுத்த செய்தியை வரி மாறாமல் எனக்கு அனுப்பு. அடுத்து என்ன செய்யலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
பெரியம்மா