குமரிமுனை காண வாரீர்!

விடுமுறையில் கன்னியாகுமரி செல்வோர், கண்டு களிப்பதோடு கற்றுக்கொள்ளவும் வேண்டியவை பல.

சித்திரைப் பௌர்ணமி மாலையில் மேற்கே கதிரவன் மறைய, கிழக்கே நிலவு எழும். முழுநிலவன்று சூரியனுக்கும் சந்திரனுக்கும் நடுவே பூமி இருப்பதே இதன் காரணம்.

படகேறினால், 1892-இல் விவேகானந்தர் தியானம் செய்த பாறையையும், அங்கு 1970-இல் எழுந்த மண்டபத்தையும் காணலாம். அடுத்த பாறையில் 2000-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வள்ளுவர் சிலை நிற்கிறது. அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்கு 38 அடிப் பீடம். பொருளுக்கும் இன்பத்துக்கும் 95 அடிச் சிலை. ஆக 133 அடி! இரு பாறைகளையும் 2024-இல் அமைந்த கண்ணாடிப் பாலம் இணைக்கிறது.

கரையில் மீனவர் குடியிருப்பின் நடுவே, வெண்ணிறக் கோபுரங்களுடன் அலங்கார உபகார மாதா ஆலயம் விளங்குகிறது. அங்கே சற்று முழந்தாளிடுங்கள். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை இக்கடற்கரையில் பல உயிர்களைப் பறித்தது. நாம் ஒருநாள் கண்டு மகிழும் கடலில்தான் மீனவர் நாள்தோறும் உயிரைப் பணயம் வைத்து உழைக்கின்றனர்.

ஆதலால், பாறை நிறைந்த இக்கடலில் எச்சரிக்கையை மீறி இறங்காதீர்கள்; கரையில் குப்பை போடாதீர்கள். அது அவர்களுடைய வீட்டு முற்றம்.