விரிசல் விட்ட இன்ஜின் கேஸிங்: எபாக்ஸி எங்கே தாங்கும், எங்கே தாங்காது?

பார்க்கிங்கிலிருந்து பைக்கை எடுத்த பிறகு ஒரு நிமிஷம் தரையைப் பாருங்க. ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு கறுப்புச் சொட்டு தெரிஞ்சா, இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம் பக்கத்திலிருந்து தினமும் வேளச்சேரி மெயின் ரோட்டில் பைக் ஓட்டுறவங்களுக்கு, மழைக்காலம் முடிஞ்சதும் சாலை எப்படி இருக்கும்னு சொல்லித் தரவேண்டியதில்லை. பள்ளத்தில் இறங்கும்போது தெறிக்கிற கல்லு, உயரமான வேகத்தடை, ஒரு பக்கமா சாய்ந்து விழுவது, லூசான செயின் அறுந்து முன் ஸ்ப்ராக்கெட்டில் சிக்குவது என்று கேஸிங் உடைய வழிகள் நிறைய. ஆனால் ரொம்பச் சாதாரணமான காரணம் ஸ்பானர்தான். பல சின்ன பைக்குகளில் ஆயில் டிரெயின் போல்ட்டுக்கு 20 முதல் 30 நியூட்டன் மீட்டர் டார்க் போதும். 30 செ.மீ. நீள ஸ்பானரில் 30 கிலோ எடைக்குச் சமமான விசை கொடுத்தால் அது சுமார் 88 ஆகிவிடும். இரும்பு போல்ட் தாங்கும். அதைச் சுற்றியுள்ள அலுமினியம் தாங்காது.

கேஸிங் ஏன் வளையாமல் உடைகிறது?

கேஸிங் சுத்தமான அலுமினியம் இல்லை. உருகிய உலோகம் அச்சுக்குள் நன்றாக ஓடுவதற்காகப் பத்து சதவீதத்துக்குப் பக்கமாக சிலிக்கான் கலந்த அலாய். அதை உயர் அழுத்தத்தில் இரும்பு அச்சுக்குள் தள்ளி வார்ப்பதுதான் டை காஸ்டிங். நம்ம ஊருக்கு இது புதுசு இல்லை. பாடியில் சுந்தரம் கிளேட்டன் பல ஆண்டுகள் இதைத்தான் செய்தது. இந்த வார்ப்பு மெல்லிசாகவும் துல்லியமாகவும் வரும். ஆனால் இழுத்தால் நீள்வது குறைவு, அதனால் அடி பட்டால் நெளியாமல் விரியும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத வாயுக் குமிழ்களும் இருக்கும். ஆர்கான் வெல்டிங் பண்ணும்போது அந்தக் குமிழ்களும் ஊறிய ஆயிலும் கொதித்து வெளியே வந்து, வெல்ட் பஞ்சு மாதிரி ஆவது இதனால்தான். கைதேர்ந்த வெல்டரிடம் மட்டும் கொடுங்க என்று பெரிய மெக்கானிக்குகள் சொல்வதில் விஷயம் இருக்கு.

எபாக்ஸி என்ன செய்கிறது?

1930-களில் சுவிட்சர்லாந்தில் பியர் காஸ்டன் என்ற வேதியியலாளர், செயற்கைப் பல் செய்ய ஒரு பொருள் தேடும்போது கிடைத்தது இது. அந்த உரிமையை வாங்கிய சிபா நிறுவனம் 1946-இல் அரால்டைட் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. ரெசினும் ஹார்டனரும் சேர்ந்ததும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து வலை பின்னுகின்றன. ஃபெவிகால் மாதிரி தண்ணீர் ஆவியாகி காய்வது இல்லை இது, வேதிவினை. அதனால் "சீக்கிரம் இறுகட்டும்" என்று ஹார்டனரைக் கூடப் போடாதீங்க. கைகோக்க ரெசின் இல்லாத ஹார்டனர் உள்ளேயே தங்கி, ஒட்டு மெதுவாகத்தான் போகும். பாக்கெட்டில் போட்ட விகிதம்தான் சரி.

இரண்டு கணக்குகள்

முதல் கணக்கு, வெப்பம். காற்றால் குளிரும் இன்ஜினில் ஆயில் 100 டிகிரி செல்சியஸைத் தொடுவது சகஜம். 30 டிகிரியில் ஒட்டிய 40 மி.மீ. ஒட்டை 110 டிகிரிக்குக் கொண்டுபோனால், கேஸிங் சுமார் 0.07 மி.மீ. விரியும். எதுவும் கலக்காத எபாக்ஸி தனியாக விட்டால் சுமார் 0.18 மி.மீ. விரியும். இந்த வித்தியாசம் ஒவ்வொரு பயணத்திலும் ஒட்டின் ஓரத்தைப் பிடுங்கிப் பார்க்கும். தவிர, அறை வெப்பத்தில் இறுகும் சாதாரண எபாக்ஸி பல, 50–60 டிகிரியிலேயே கண்ணாடித் தன்மை இழந்து ரப்பர் மாதிரி ஆகத் தொடங்கும். தண்ணீர்க் குழாய்க்குப் போடுற எம்-சீல் இன்ஜினில் நிற்காததன் ரகசியம் இதுதான். உலோகத் தூள் கலந்த, 150 டிகிரிக்கு மேல் தாங்கும் என்று அட்டையில் எழுதியிருக்கும் எபாக்ஸியைத்தான் வாங்கணும். உலோகத் தூள் விரிவையும் குறைக்கும்.

இரண்டாவது, விரிசலின் முனை. 1913-இல் இங்லிஸ் தந்த சூத்திரம் மெட்டீரியல்ஸ் பாடத்தில் வந்திருக்கும்: தகைவு பெருகும் மடங்கு = 1 + 2 × √(விரிசலின் பாதி நீளம் ÷ முனையின் ஆரம்). 20 மி.மீ. விரிசல், முனை ஆரம் 0.01 மி.மீ. என்றால், 1 + 2 × √1000, அதாவது சுமார் 64 மடங்கு. அதே முனையில் 3 மி.மீ. டிரில் போட்டால் ஆரம் 1.5 ஆகிறது, மடங்கு சுமார் 6-ஆக இறங்குகிறது. இது தோராயக் கணக்குதான். ஆனாலும் பத்து ரூபாய் வேலை பத்து மடங்கு லாபம் தருது என்பது புரியும். துளை போடாமல் மேலே பூசினால், பூச்சுக்கு அடியில் விரிசல் பாட்டுக்கு வளர்ந்துகொண்டே போகும்.

செய்முறை

1. ஆயிலை வடித்துவிட்டு, முடிந்தால் கவரைக் கழற்றுங்க. டிரில் தூள் இன்ஜினுக்குள் போனால் பேரிங் போச்சு. கழற்ற முடியாத இடம் என்றால் டிரில் முனையில் கிரீஸ் தடவி, தூளைப் பிடித்து எடுங்க.

2. விரிசல் எங்கே முடிகிறது என்று கண்டுபிடிங்க. மண்ணெண்ணெய் தடவி, பத்து நிமிஷம் கழித்து நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் தூள் பூசுங்க. விரிசலுக்குள் இருக்கும் மண்ணெண்ணெய் ஊறி வந்து கோடு காட்டும். பழைய ரயில்வே பட்டறைகளின் முறை இது. கண்ணுக்குத் தெரிவதைவிட விரிசல் பெரும்பாலும் நீளமாகவே இருக்கும்.

3. இரண்டு முனையிலும் 2–3 மி.மீ. துளை. விரிசல் நெடுக 'வி' வடிவப் பள்ளம். பாதி தடிமன் போதும்.

4. அசிட்டோனால் துடைத்து, அதன்பிறகு 80-ஆம் நம்பர் எமரி, மறுபடி அசிட்டோன். இந்த வரிசையை மாற்றாதீங்க. ஆயிலோடு தேய்த்தால் ஆயிலைக் கீறலுக்குள் தேய்த்துவிடுவதுதான் மிச்சம். நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம். அதில் எண்ணெய் கலந்திருக்கலாம்.

5. சுத்தமா என்று சோதிக்க தண்ணீர் தெளிங்க. படலமாகப் பரவினால் சரி. முத்து முத்தாக நின்றால் ஆயில் இன்னும் இருக்கு. பிறகு ஹேர் டிரையரால் நன்றாகக் காய வையுங்க.

6. தேய்த்த கையோடு ஒட்டுங்க. காற்று பட்டதும் அலுமினியத்தில் ஆக்ஸைடு படலம் உருவாகிவிடும். ஈரக் காற்றில் நேரம் போகப் போக அது தடித்து ஒட்டைக் கெடுக்கும். பள்ளத்தில் அழுத்தி நிரப்பி, இரு பக்கமும் 15 மி.மீ. பரப்பி, ஓரத்தை மெல்லிசாகச் சரித்து விடுங்க. தடித்த ஓரம்தான் முதலில் கிளம்பும்.

7. குறைந்தது 24 மணி நேரம் தொடாதீங்க. நவம்பர் மழையில், திறந்த வராந்தாவில் செய்தால் மேலே பிசுபிசுப்பான படலம் படியலாம். மூடிய, காய்ந்த அறையில் செய்யுங்க. கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். அசிட்டோன் பக்கத்தில் நெருப்பு கூடவே கூடாது.

எங்கே கை வைக்கக் கூடாது?

எபாக்ஸி அழுத்தத்தையும் சறுக்கு விசையையும் ஓரளவு தாங்கும். ஓரத்திலிருந்து உரிப்பதைத் தாங்காது. ஆகவே அதன் வேலை ஆயிலைத் தடுப்பது மட்டும், சுமையைச் சுமப்பது இல்லை. கிளட்ச் கவர், மேக்னெட் கவரின் வெளிச்சுவர், சுமை இல்லாத கிராங்க்கேஸ் பகுதி: முயற்சி செய்யலாம். இன்ஜின் மவுண்டிங் போல்ட் இடம், பேரிங் உட்காரும் இடம், கிக்கர் ஷாஃப்ட் தாங்கி, சிலிண்டர் ஹெட், டிரெயின் போல்ட் மரை: வேண்டவே வேண்டாம். கவர் மட்டும்தான் உடைஞ்சிருக்குன்னா, புதுப்பேட்டையில் பழைய கவர் ஒன்றை விசாரிப்பது பல நேரம் புத்திசாலித்தனம்.

சின்ன விஷயத்துக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி? 100 சிசி பைக்கில் மொத்த ஆயிலே ஒரு லிட்டர் பக்கம்தான். கிராங்க், கியர், கிளட்ச் மூன்றுக்கும் அதுவே. ஒட்டு பாதி வழியில் கிளம்பினால், ஆயில் தீர்ந்து இன்ஜின் பிடித்துக்கொள்ளும். அதற்கு முன்பே பின் டயரில் ஆயில் பட்டால், வளைவில் வண்டி உங்களோடு சேர்ந்து படுக்கும். பின்னால் தாம்பரத்துக்கு வேகமாக வருகிற பஸ் உங்க எபாக்ஸியைப் பற்றி யோசிக்காது.

ஆகவே ஒட்டிய பிறகு முதல் வாரம் தினமும் ஆயில் அளவு பாருங்க. இன்ஜின் மூச்சு விடும் பிரீதர் குழாய் அடைத்திருக்கா என்றும் பாருங்க. அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி ஒட்டைத் தள்ளும். ஒட்டின் ஓரத்தில் மார்க்கரால் கோடு போட்டு வைத்தால், கோட்டைத் தாண்டி ஈரம் தெரிகிற அன்றைக்கே வண்டியை நிறுத்திவிடலாம். கடைசியாக ஒன்று: ஃபைனல் இயர் முடித்து வண்டியை ஜூனியருக்கு விற்கும்போது, அந்த ஒட்டைக் கையால் தொட்டுக் காட்டி, என்றைக்கு ஒட்டியது என்பதையும் சொல்லிக் கொடுங்க. விலை கொஞ்சம் குறையும், பரவாயில்லை.