‘நமக்கு எப்பவுமே இப்படித்தான்’ – இந்த வாக்கியத்தைத் திருத்துவோம்



இந்த மாதப் பாடத்தை நான் எழுத வேண்டும் என்று கிளைத் தலைவர் அண்ணன் கேட்டபோது, “தன்னம்பிக்கை பற்றி எழுதுறேன்”னு உடனே தலையை ஆட்டிவிட்டேன். தன்னம்பிக்கை என்ற பெயரில் நான் பண்ணிய கூத்து ஒன்றையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கும் என்று அப்போது தோன்றவில்லை. படித்துவிட்டுச் சிரியுங்கள், பரவாயில்லை. கடைசியில் இருக்கும் கேள்விகளுக்கு மட்டும் கிளைக் கூட்டத்தில் உண்மையாகப் பதில் சொல்லுங்கள்.

நான் இயந்திரவியல் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். சொந்த இடம் நெகிரி செம்பிலான், பகாவ் பக்கத்தில் ஒரு தோட்டம். தாத்தா காலத்தில் பால்மரம், இப்போது செம்பனை. முன்பு நிறைய குடும்பங்கள் இருந்த லயத்தில் இப்போது ஒரு சில வீடுகளில்தான் விளக்கு எரிகிறது. ஆனால் கோயிலுக்கு முன்னால் இருக்கும் திடல் மட்டும் அப்படியே இருக்கிறது. விடுமுறையில் வீட்டுக்கு வந்தால் மாலை 5 மணிக்கு அந்தத் திடலில் ஆரம்பித்து, செம்மண் ரோட்டில் பழைய பெரட்டுக் களம் வரை ஓடிவிட்டு வருவேன்.

பக்கத்து வீட்டுத் தம்பிக்கு 17 வயது. பள்ளியில் 1500 மீட்டர் ஓட்டத்தில் அவனை முந்த ஆள் கிடையாது. போன வருடம் ஒரு தேர்வு ஓட்டத்துக்குப் போன நாளில் வண்டி வழியில் நின்றுபோய், அவன் போய்ச் சேர்வதற்குள் ஓட்டம் முடிந்திருந்தது. அதோடு காலணியைக் கழற்றி மூலையில் போட்டவன்தான். வாரக் கடைசியில் அப்பாவோடு லோரியில் குலை ஏற்றப் போவான். “ஏன்டா ஓட வர்றதில்ல?” என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும்.

“நமக்கு எப்பவுமே எல்லாம் இப்படித்தான் அண்ணே.”

அவனை மறுபடியும் ஓட வைக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. போர்ட்டிக்சனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை 10 கிலோமீட்டர் ஓட்டம் என்று தெரிந்ததும், அவன், என் தங்கச்சி, நான் என்று மூன்று பேருக்கும் நானே பணம் கட்டினேன். “இந்தத் தடவை ஒண்ணும் ஆகாதுடா, நான் இருக்கேன்”னு வாக்குக் கொடுத்தேன். நண்பர்களே, நான் செய்த முதல் தவறு அந்த வாக்குதான்.

சனிக்கிழமை: புக்கிட் புத்துஸ் ஏற்றம்

சனி மதியம் அப்பாவின் பழைய கஞ்சிலில் கிளம்பினோம். கோலப்பிலா தாண்டி புக்கிட் புத்துஸ் ஏற்றத்தில் பாதி ஏறியிருப்போம், வெப்பமுள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. ஓரங்கட்டி முன்மூடியைத் தூக்கினால் ஒரே ஆவி. ரேடியேட்டருக்குப் போகும் மேல் ரப்பர் குழாய், கவ்வி பிடித்திருக்கும் இடத்தில் வெடித்திருந்தது.

தம்பி ஒன்றும் பேசவில்லை. ரோட்டோரத் திண்டில் உட்கார்ந்து, “சொன்னேன்ல அண்ணே”னு மட்டும் சொன்னான்.

சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக்கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். காரணம் தெரியுமா? உள்ளே அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 பாகை செல்சியஸைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கி நிற்கும். மூடியைத் திறந்தால் அழுத்தம் போய்விடும். அந்த நொடியே கொதித்து முகத்தில் பீறிடும். அதனால் முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். பிறகு குழாயைக் கழற்றி, வெடித்த நுனியை மட்டும் கத்தியால் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சக் குழாயை இழுத்து மாட்டிக் கவ்வியை முடுக்கினேன். குழாய் கொஞ்சம் நீளமாக இருந்ததால் தப்பித்தோம். குடிக்க வைத்திருந்த தண்ணீர் போத்தல்கள் எல்லாம் ரேடியேட்டருக்குள் போயின. கார் மெதுவாக சிரம்பான் வரை வந்தது. அங்கே 20 ரிங்கிட்டுக்குள் புதுக் குழாய் மாட்டிக்கொண்டோம்.

போர்ட்டிக்சன் போய்ச் சேர்ந்தபோது ஓட்ட எண் கொடுக்கும் இடத்தை மூடியிருந்தார்கள். அங்கே நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த அக்கா ஒருவர், “காலையில 4.30க்கு வாங்க, குடுப்பாங்க” என்றார். இரவு தெரிந்தவர் வீட்டு முன்கூடத்தில் படுத்தோம். விடிய விடிய மழை. சாரல் அடித்து என் பை நனைந்தது, காலுறை எல்லாம் ஈரம்.

ஞாயிற்றுக்கிழமை: 4ஆவது கிலோமீட்டர்

காலையில் எண் கிடைத்தது, மழையும் விட்டது. தம்பி முன் வரிசைக்குப் போனான். எனக்கு ரொம்பப் பெருமை. “பார்த்தியா, எல்லாம் சரியாச்சு”ன்னு தங்கச்சியிடம் சொல்லிக்கொண்டேன்.

என் காலில் இருந்தது மாமா வாங்கிக் கொடுத்த காலணி. “நல்லது, விசேஷத்துக்குப் போடணும்” என்று 6 வருடமாகப் பெட்டியிலேயே வைத்திருந்தது. பார்க்கப் புதுசு. 3 கிலோமீட்டர் தாண்டியதும் வலது கால் அடியில் ஏதோ நழுவுவது போல இருந்தது. 4ஆவது கிலோமீட்டரில் இரண்டு அடிப்பாகமும் ரஸ்க் ரொட்டி மாதிரி பொடிந்து ரோட்டில் உதிர்ந்தன.

இது துரதிர்ஷ்டம் இல்லை நண்பர்களே, வேதியியல். சில காலணிகளின் நடு அடிப்பாகம் பாலியூரித்தேன் என்ற பொருளால் செய்யப்படுகிறது. நம் நாட்டு வெப்பத்திலும் ஈரப்பதத்திலும், காற்றிலுள்ள நீர் அதன் இணைப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும். இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். பெட்டியில் சும்மா வைத்திருந்தாலும் அது நடந்துகொண்டுதான் இருக்கும். வகுப்பில் படித்து, தேர்விலும் எழுதியிருக்கிறேன். என் காலணியைத்தான் எடுத்து ஒரு தடவை மடக்கிப் பார்க்கவில்லை.

அப்போது இதெல்லாம் ஞாபகத்துக்கு வரவில்லை. சாலையோரக் கல்லில் உட்கார்ந்து, கையில் பொடிந்த ரப்பரை வைத்துக்கொண்டு, சத்தமாகவே சொன்னேன்: “நமக்கு ராசியே இல்ல.”

அந்த நேரம் பார்த்துத் தம்பி 5 கிலோமீட்டரில் திரும்பி எதிரே வந்துகொண்டிருந்தான். அவனுக்கு அது 6ஆவது கிலோமீட்டர். முன்னணிக் கூட்டத்தில் இருந்தவன் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

“ஓடுடா! நிக்காத!” என்று கத்தினேன்.

“அடிபட்டுச்சா அண்ணே?”

“இல்லடா, சப்பாத்து போச்சு. நீ போ!”

அவன் என் கையில் இருந்ததைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். “சப்பாத்து மட்டும்தானே அண்ணே போச்சு?” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு ஓடினான்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இரண்டு மாதமாக நான் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்த பாடத்தை அவன் ஒரே வரியில் எனக்குச் சொல்லிவிட்டான். எழுந்து, புல் இருக்கும் ஓரத்தில் கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடையாக மிச்சத்தை முடித்தேன். 1 மணி 31 நிமிடம். தங்கச்சி எனக்கு முன்னாலேயே முடித்துவிட்டு, பதக்கத்தோடு நின்று சிரித்தாள். தம்பிக்குப் பரிசு கிடைக்கவில்லை. பரிசு வாங்கிய கடைசி ஆளுக்கும் அவனுக்கும் சில விநாடிதான் வித்தியாசம். என்னைப் பார்த்து நின்ற அந்த விநாடிகளாகக்கூட இருக்கலாம். அதை நினைத்தால் இன்னும் வலிக்கிறது.

திரும்பும் வழியில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். “அடுத்தது எப்ப அண்ணே?” என்றான். அவ்வளவுதான்.

மூன்று சொற்கள்

இப்போது பாடத்துக்கு வருவோம். அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன், மனிதர்கள் கெட்ட நிகழ்வுகளுக்கு என்ன விளக்கம் சொல்லிக்கொள்கிறார்கள் என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். சீக்கிரம் மனம் உடைந்து போகிறவர்களின் விளக்கத்தில் மூன்று குணங்கள் இருக்கும் என்கிறார். இது நிரந்தரம், இது எல்லாவற்றையும் பாதிக்கும், இதற்குக் காரணம் நான்தான்.

தம்பியின் வாக்கியத்தை மறுபடியும் படியுங்கள். “நமக்கு எப்பவுமே எல்லாம் இப்படித்தான்.” எப்பவுமே, எல்லாம், நமக்கு. மூன்றும் ஒரே மூச்சில் இருக்கின்றன. நம் லயத்தில், டாமானில், ஏன், பல்கலைக்கழக விடுதியில்கூட இதை எத்தனை பேர் வாயில் கேட்கிறோம்!

திருத்துவது கஷ்டமில்லை. ‘எப்பவுமே’ என்பதை ‘இன்னிக்கு’ என்று மாற்றுங்கள். ‘எல்லாம்’ என்பதற்குப் பதிலாகப் போன பொருளின் பெயரைச் சொல்லுங்கள். ‘நமக்கு’ என்பதை எடுத்துவிட்டு உண்மையான காரணத்தை வையுங்கள். “இன்னிக்குக் குழாய் வெடிச்சிருச்சு, ரப்பர் பழசு.” இப்படிச் சொன்னதும் கை தானாகக் கத்தியைத் தேடும். ராசியைப் பழுது பார்க்க முடியாது, குழாயைப் பழுது பார்க்கலாம்.

திருவள்ளுவர் இதற்காகவே ‘இடுக்கண் அழியாமை’ என்று ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார், 63ஆவது. துன்பம் வரும்போது சிரிக்கச் சொல்கிறார். முன்பு எனக்கு அது விளங்கியதே இல்லை. ரோட்டில் தம்பி சிரித்தபோதுதான் விளங்கியது. சிரிக்கிறவனுக்குத்தான் மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்க்க நிதானம் இருக்கும்.

நம் மண்ணில் நடந்த ஓர் உதாரணம்

1998 செப்டம்பரில் கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நடந்தது. 50 கிலோமீட்டர் நடைப் போட்டியில் நியூசிலாந்தின் கிரேக் பாரட் எல்லாரையும் விட வெகு தூரம் முன்னால் போய்க்கொண்டிருந்தார். பின்னால் நம் நாட்டு ஜி. சரவணன். முடிவுக் கோட்டுக்குச் சுமார் 1 கிலோமீட்டர் இருக்கும்போது பாரட் வெயிலிலும் நீர் இழப்பிலும் தள்ளாடிச் சாய்ந்துவிட்டார். சரவணன் 4 மணி 10 நிமிடத்தில் முடித்துத் தங்கம் வாங்கினார். காமன்வெல்த் போட்டித் தடகளத்தில் மலேசியாவுக்கு அதுவே முதல் தங்கம்.

இதில் இரண்டு பாடம் இருக்கிறது. முன்னால் போகிறவர் சாய்வார் என்று சரவணனுக்குத் தெரியாது. “இனி எங்கே எட்டுறது” என்று அவர் நடையைத் தளர்த்தியிருந்தால் அந்தத் தங்கம் வேறு யாருக்கோ போயிருக்கும். பலனைப் பற்றிக் கணக்குப் போடாமல் தன் வேலையைச் செய்வது என்று கர்மயோகத்தைப் பற்றி நாம் வகுப்பில் பேசுகிறோமே, ரோட்டில் அது இப்படித்தான் இருக்கும்.

இரண்டாவது பாடம் பாரட்டிடமிருந்து. வெற்றிக்கு 1 கிலோமீட்டரில் விழுந்தவர், அதோடு விட்டுவிடவில்லை. 4 ஆண்டு கழித்து 2002இல் மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டியில் அதே 50 கிலோமீட்டரில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார்.

காலணிக் கதையும் உண்டு. 2015 பெர்லின் மாரத்தானில் எலியுட் கிப்சோகேயின் காலணி உள்பட்டைகள் வெளியே வந்து கணுக்காலில் ஆடிக்கொண்டிருந்தன. அப்படியே ஓடி 2 மணி 4 நிமிடத்தில் முதலாவதாக வந்தார். எனக்கும் அவருக்கும் உள்ள ஒற்றுமை காலணியோடு முடிந்துவிட்டது!

எச்சரிக்கை ஒன்று

நம்பிக்கை என்றால் உடம்பு சொல்வதைக் கேட்காமல் ஓடுவது என்று அர்த்தமில்லை. நெஞ்சு வலி, தலைச்சுற்று, வெயிலில் திடீரென்று குளிர் நடுக்கம், பேச்சுக் குழறல் – இவற்றில் ஒன்று வந்தாலும் நின்றுவிடுங்கள், மருத்துவ உதவி கேளுங்கள். காற்றில் ஈரப்பதம் அதிகமானால் வியர்வை காயாது. வியர்வை காயாவிட்டால் உடம்புச் சூடு இறங்காது. நின்றவன் அடுத்த வாரம் ஓடலாம்.

அதேபோல, “ஒண்ணும் ஆகாது” என்பதும் நம்பிக்கை இல்லை. அது சோம்பேறித்தனத்துக்கு நாம் வைத்த நல்ல பெயர். அடுத்த முறை கிளம்பும் முன் நான் பார்க்கப்போவது இவை: கார்த் தண்ணீரும் குழாயும், காலணியைக் கையால் மடக்கி ஒரு சோதனை, அதே காலணியில் இரண்டு பயிற்சி ஓட்டம், மாற்றுக் காலுறை பிளாஸ்டிக் பையில், கிளம்பும் நேரம் 2 மணி நேரம் முன்னதாக. தம்பிக்கு இனி “ஒண்ணும் ஆகாது” என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். “என்ன ஆனாலும் சேர்ந்து பார்த்துக்கலாம்” என்றுதான் சொல்வேன். அதைத்தான் என்னால் காப்பாற்ற முடியும்.

கிளைக் கூட்டத்தில் பேச

1. கடந்த ஒரு மாதத்தில் ‘எப்பவுமே’, ‘எல்லாம்’, ‘நமக்கு’ என்ற சொற்களை வைத்து நீங்கள் குறைப்பட்ட ஒரு வாக்கியத்தை எழுதுங்கள். மேலே சொன்னபடி அதைத் திருத்தி எழுதுங்கள்.

2. உண்மையான காரணம் நம் கையில் இல்லாத நேரமும் உண்டு. வசதிக் குறைவு, தூரம், பாரபட்சம். அப்போது ‘ராசி’ என்று சொல்லாமல் அதன் பெயரைச் சொன்னால் என்ன மாற்றம் வரும்?

3. உங்கள் தோட்டத்தில், டாமானில், ஓடுவதை நிறுத்திவிட்ட தம்பி தங்கை யார்? ஓட்டம்தான் என்றில்லை. படிப்பாகவும் இருக்கலாம், தேவாரம் பாடுவதாகவும் இருக்கலாம். இந்த வாரம் அவரிடம் போய் என்ன சொல்வீர்கள்?

இதை எழுதி முடிக்கும்போது மணி 5 ஆகப்போகிறது. வாசலில் தம்பி வந்து நிற்கிறான். எனக்கு இன்னும் புதுக் காலணி வாங்கவில்லை. திடலில் புல்தானே, வெறுங்காலோடு ஓடலாம்.