எட்டாவது ஆள் பறித்தது ஐந்து கிலோவா?

வயலில் ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று கணக்குப் பார்த்துப் பழகிய குடும்பங்கள் பல, இடம்பெயர்ந்து மலையகத்துக்கு வந்தபின் கிலோக் கணக்குக்குள் வாழ வேண்டியிருக்கிறது. கொழுந்து மடுவத்தில் தராசு காட்டும் எண், முழுப் பேரா அரைப் பேரா என்பதைத் தீர்மானிக்கிறது. இத்தகைய கணக்கின் பின்னால் ‘எல்லை உற்பத்தி’ என்னும் பொருளியற் கருத்து உண்டு. ஓர் ஆளைக் கூடுதலாகச் சேர்த்தால் மொத்த விளைவு எவ்வளவு கூடும் என்பதே அது. இப்பாடத்தில் அதையும் அதைக் காட்டும் அட்டவணையின் குறைகளையும் பார்ப்போம்.

அட்டவணை சொல்வது

ஒரே மலையில், ஒரே நாளில் கொழுந்து பறிப்பதாக ஒரு கற்பனைக் கணக்கு:

4 பேர் – 72 கிலோ
5 பேர் – 90 கிலோ (கூடியது 18)
6 பேர் – 105 கிலோ (கூடியது 15)
7 பேர் – 115 கிலோ (கூடியது 10)
8 பேர் – 120 கிலோ (கூடியது 5)

எட்டாவது ஆளால் கூடியது 5 கிலோ. அப்படியானால் அவர் சோம்பேறியா? இல்லை. அவருடைய கூடையிலும் மற்றவர்களுடையதைப் போல ஏறத்தாழ 15 கிலோ இருக்கும். ஆனால் செடியில் உள்ள கொழுந்து ஓர் அளவுதான். அவருக்கு நிரை கொடுத்தபோது மற்ற ஏழு பேரின் பங்கு குறைந்தது. ஒரே திறமையுள்ள இந்த எட்டுப் பேரில் யாரை நிறுத்தினாலும் குறைவது அதே 5 கிலோதான்.

ஜேர்மனியில் டெல்லோ என்னும் பண்ணையை நடத்திய யோகான் ஹைன்ரிச் பொன் தூனன், 1850இல் வெளியான தமது நூற்பகுதியில் உருளைக்கிழங்கு பொறுக்கும் வேலையை வைத்து இதே வகைக் கணக்கைக் காட்டினார். நுவரெலியாவில் கிழங்கு தோண்டியவர்களுக்கு அது எளிதில் விளங்கும்.

அட்டவணை சொல்லாதவை

முதலாவது, அட்டவணை படிப்படியாகத் தாவுகிறது. 4 பேர், 8 பேர் என்ற இரண்டு வரிகள் மட்டும் இருந்தால், ஆளுக்கு 12 கிலோ கூடியதாகத் தோன்றும். 18இலிருந்து 5க்கு இறங்கியது மறைந்துவிடும்.

இரண்டாவது, மற்றவை எல்லாம் மாறாதிருக்கின்றன என்று அட்டவணை எடுத்துக்கொள்கிறது. மழை, பசளை, கவ்வாத்து செய்து எத்தனை வருடம் என்பவை மாறினால் எல்லா எண்களும் மாறும்.

மூன்றாவது, கிலோ வேறு, பெறுமதி வேறு. சனவரி முதல் மார்ச் வரையான குளிரிலும் வரட்சியிலும் நுவரெலியா, டிம்புள்ள பகுதிகளில் கொழுந்து குறையும். ஆனால் தேயிலையின் மணம் சிறந்து, நல்ல விலை பெறும்.

நான்காவது, காலம். கான் வெட்டியவர், புல் எடுத்தவர், கவ்வாத்து வெட்டியவர் ஆகியோரின் பெயருக்கு நேரே அன்றைய அட்டவணையில் பூச்சியம்தான். அவர்களுடைய உழைப்பு பின்னர் வேறொருவரின் கூடையில் நிறையாகிறது.

2021 கற்பித்த பாடம்

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் தடை நீக்கப்பட்டது. அவ்வருடம் நாட்டின் தேயிலை உற்பத்தி ஏறத்தாழ 30 கோடி கிலோ. 2022இல் அது ஏறத்தாழ 25 கோடியாக விழுந்தது. பசளையின் விலையேற்றமும் எரிபொருள் தட்டுப்பாடும் அதே வருடத்தில் சேர்ந்துகொண்டன. எதனால் எத்தனை கிலோ குறைந்தது என்று ஒரு வரி அட்டவணையால் பிரித்துக் காட்ட முடியாது. ஆனால் பறிப்பவரின் கை மந்தமானதால் அது குறையவில்லை என்பது தெளிவு.

அதே 2021 மார்ச்சில் நாள் சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து, நாளொன்றுக்கு எத்தனை கிலோ பறிக்க வேண்டும் என்பது பற்றிப் பல தோட்டங்களில் தகராறு எழுந்தது. பசளை காணாத மலைக்கும் நன்றாகத் துளிர்க்கும் மலைக்கும் ஒரே கிலோவை விதித்தால், மண்ணின் குறை தொழிலாளியின் சம்பளத்தில் கழிக்கப்படுகிறது.

நம் வீட்டுக் கணக்கு

இடம்பெயர்ந்த குடும்பத்தில் கைகள் அதிகம், காணி சிறிது. நாலு பேர் இறங்கிய மரக்கறிப் பாத்தியில் ஐந்தாவது ஆள் அதிகம் சேர்க்க முடியாது. உடனே அவரைச் சுமை என்று எண்ணிவிடுகிறோம். பெரும்பாலும் அது வயதானவராகவோ வீட்டுப் பெண்ணாகவோ இருக்கிறார். குறை காணியில்தான் இருக்கிறது. அந்தக் கை கூட்டெரு சேர்க்கவோ, நாற்று மேடை போடவோ திரும்பினால் கணக்கு மாறும்.

ஆகவே ஒரு கொப்பி வைத்து, கிலோவுடன் சேர்த்து மழை, வேலை செய்த மணி, இட்ட பசளை, கவ்வாத்து செய்த மாதம் ஆகியவற்றையும் எழுதுவோம். கிலோ அளவு பற்றிப் பேச நேரும்போது இந்தக் கொப்பி நமக்காகப் பேசும்.

கலந்துரையாட

1. உங்கள் மலையில் சென்ற மாதம் கொழுந்து குறைந்ததற்கு எத்தனை காரணங்கள் சொல்லலாம்?
2. உங்கள் வீட்டில் எவருடைய உழைப்பு எந்தத் தராசிலும் ஏறுவதில்லை?
3. கிலோ அளவை நிர்ணயிக்கும்போது வேறு எவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும்?