உடம்புக்கு ஒண்ணுமில்லையா? அப்போ டெஸ்ட் உங்களுக்குத்தான்!

"எனக்குத்தான் ஒண்ணுமில்லையேம்மா, எதுக்கு டெஸ்ட்டு?"

ஆரணியில் பட்டுத்தறி சத்தம் கேட்கும் எந்தத் தெருவிலும் காதில் விழக்கூடிய பேச்சு இது. சுகாதாரத் தன்னார்வலர் பி.பி. கருவியையும் சுகர் மீட்டரையும் எடுத்ததும், குழித்தறியில் இருப்பவருக்கு இன்னொரு பயமும் வரும். "விரல்ல குத்தினா, ரத்தம் பாவுல ஒட்டிக்காதா?"

பயம் நியாயம்தான். மோதிர விரல் நுனியின் ஓரத்தில் குத்தச் சொல்லுங்கள். பஞ்சால் சற்று அழுத்திப் பிடியுங்கள். ரத்தம் நன்றாக நின்ற பிறகு தறியில் உட்காரலாம்.

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. நன்றாக இருப்பதாக நினைப்பவரையும் வீடு தேடி வந்து, இலவசமாகப் பரிசோதிப்பதுதான் இதன் விசேஷம்.

ஏன் இந்த மெனக்கெடல்? பி.பி.யும் சுகரும் ஆரம்பத்தில் வலிக்காது. தொந்தரவு தெரிவதற்குள் கிட்னியும் விழித்திரையும் கெட்டிருக்கலாம். பக்கவாதமே முதல் அறிகுறியாகவும் வரலாம். தமிழ்நாட்டில் 2020-ல் நடந்த 'ஸ்டெப்ஸ்' ஆய்வில், ரத்த அழுத்தம் உள்ள 100 பேரில் சுமார் 7 பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. ஜரிகை எண்ணி நெய்பவருக்குக் கண்ணும் கையும்தானே மூலதனம்? நாற்காலியிலேயே பொழுதைக் கழிக்கும் நமக்கும் இது பொருந்தும்.

ரிசல்ட்டை எப்படிப் புரிந்துகொள்வது?

* பி.பி. 140/90 அல்லது அதற்கு மேலா? பதறாதீர்கள். காபி, பீடி, தறி மிதித்த களைப்புகூட ஏற்றிக் காட்டும். 5 நிமிடம் அமைதியாக உட்கார்ந்துவிட்டு மறுபடி பாருங்கள். இன்னொரு நாளும் பாருங்கள். 180/110-ஐத் தொட்டால் மட்டும் தள்ளிப்போடாமல் அன்றே டாக்டரிடம் போங்கள்.

* விரலில் குத்திப் பார்த்த சுகர் 140-ஐத் தாண்டுகிறதா? அதுவே சர்க்கரை நோய் ஆகிவிடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுங்கள். 126-ம் அதற்கு மேலும் என்றால், இன்னொரு டெஸ்ட் எடுத்து டாக்டர் உறுதிசெய்வார்.

* எல்லாம் நார்மலா? சந்தோஷம்! ஆனால் அது இன்றைய கணக்கு. 30 வயதைத் தாண்டியவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பார்ப்பது நல்லது.

நோய் உறுதியானால் மாத்திரையும் அரசு சுகாதார நிலையத்தில் இலவசம்தான். 'இப்ப நல்லாத்தானே இருக்கேன்' என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டெஸ்ட் மட்டும் எடுத்துவிட்டு டாக்டரிடம் போகாமல் இருப்பது, பாவு ஏற்றிவிட்டு நெய்யாமல் விட்ட மாதிரி!

உங்கள் வீட்டில் கடைசியாக பி.பி. பார்த்தது எப்போது? யோசிக்க வேண்டியிருக்கிறதா? அப்போ இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.