பிஞ்சுக் கையில் செல்போன்: வேலி போட்டோமா?



நாம் ஒவ்வொருவரும் பொறுப்பாளர் என்ற நபிமொழி புகாரியில் உள்ளது. அதில் வரும் 'ராஈ' என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் மேய்ப்பவர். காங்கேயத்துக்காரர்களுக்கு இது தெரிந்த வேலைதான். கிளுவை வேலி இல்லாத கொறங்காட்டில் மாட்டை விடுவோமா? ஆனால் சோறூட்டும்போது பிள்ளை கையில் போனைக் கொடுத்து, அடுத்த வீடியோவை யூடியூபே தேர்ந்தெடுக்க விடுகிறோம்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது: இரண்டு வயது வரை திரை வேண்டாம். நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் நல்லது.

காட்டுவதானால்:

1. முதலில் நீங்கள் முழுதாகப் பாருங்கள். அடிதடி, கூச்சல் இருந்தால் ஒதுக்குங்கள்.
2. விளம்பரமும் காசு கேட்பதும் உள்ள ஆப் வேண்டாம்.
3. யூடியூப் கிட்ஸில் நீங்கள் தேர்ந்தவை மட்டும் வரும்படி வையுங்கள், நேரமும் குறியுங்கள்.
4. பக்கத்தில் உட்கார்ந்து, பேசிக்கொண்டே பாருங்கள்.

தகப்பன்மார்களே! மில்லிலிருந்து களைத்துத்தான் வருகிறோம். ஆனால் நபி (ஸல்) அவர்கள் பேத்தி உமாமாவைச் சுமந்தபடி தொழுதார்கள். ஸுஜூதில் இறக்கி, எழும்போது தூக்கிக்கொண்டார்கள். தொழுகையிலேயே குழந்தைக்கு இடம் இருந்தது. நம் மாலை நேரத்தில் இல்லையா?

நம் பிள்ளைகளை அல்லாஹ் கண்குளிர்ச்சியாக ஆக்குவானாக. ஆமீன்.