விருந்துக்கு ஏற்ற பன்னீர் மிளகாய்

சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடி வெளியிலிருந்து வந்ததே. சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை 1820-களில் அதைக் கொணர்ந்தார் என்பதை நம் அங்கத்தினர் பலரும் அறிவர். நாம் அன்றாடம் அரைக்கும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, போர்த்துக்கீசியர் வழியாக நம் நாடு சேர்ந்ததாகும்.

ஏற்காட்டுக் குளிருக்கு மிளகாய் பஜ்ஜியே பழக்கமான பண்டம். ஆனால் அதில் எண்ணெய்ச் செலவு மிகுதி. நெசவாளர்க்கோ வேறோர் இடரும் உண்டு. எண்ணெய்க் கையுடன் தறியில் அமர்ந்தால், வெண்பட்டில் படியும் ஒரு விரல்தடம் பல நாள் உழைப்பின் கூலியைக் குறைத்துவிடும். ஆகையால், பொரிக்காமல் சுட்டெடுக்கும் முறையை இங்கே தருகிறோம்.

தேவையானவை: பஜ்ஜி மிளகாய் 12, பால் 1 லிட்டர், எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி, சிறிது மிளகுத்தூள், சீரகம், கொத்துமல்லித் தழை, உப்பு.

பால் பொங்கியதும் அடுப்பிலிருந்து இறக்கிச் சாற்றைச் சிறிது சிறிதாக விடுக. திரிந்ததும் துணியில் வடித்து, அரைமணி நேரம் பாரம் வைத்தால் 150 முதல் 200 கிராம் வரை பன்னீர் கிடைக்கும். வடிந்த நீரில் சப்பாத்தி மாவு பிசையலாம். பன்னீரை உதிர்த்து, மற்றவற்றைச் சேர்த்துப் பிசைந்து கொள்க.

மிளகாயை நீளவாக்கில் ஒருபுறம் மட்டும் கீறுக. காரம் விதையில் இருப்பதாகப் பலர் எண்ணுவர். உண்மையில் அது விதையைத் தாங்கும் வெண்தசையிலேயே மிகுதி. அதைக் கரண்டிக் காம்பால் சுரண்டியபின் பன்னீரை நிரப்புக. காரப்பொருள் தண்ணீரில் எளிதில் கரையாது, எண்ணெயில் கரையும். ஆகவே வேலை முடிந்ததும் கையில் சிறிது எண்ணெய் தேய்த்து, பின்னர் சவுக்காரமிட்டுக் கழுவுக. அதன்பின்னரே குழந்தையையும் நூலையும் தொடுக.

ஓவனில் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் 15 முதல் 20 நிமிடம் வைத்தால் தோல் சுருங்கிப் பொன்னிறமாகும். ஓவன் இல்லாதவர் கனத்த தோசைக்கல்லில் அடுக்கி, மூடி, இளந்தீயில் திருப்பித் திருப்பிச் சுடலாம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதிப்பதால், மலையில் பருப்பு வேகத் தாமதமாகும். சுடும் பண்டத்துக்கு அக்கவலை இல்லை.

கடைப் பாலாடைக்கட்டி உருகி வழியும். எலுமிச்சையால் திரித்த பன்னீர் உருகாது நிற்கும். மேலும், சில பாலாடைக்கட்டிகள் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறையால் உறைய வைக்கப்படுவன. சைவ விருந்துக்கு வாங்குவோர் உறையின்மேல் பச்சைப் புள்ளியைப் பார்த்து வாங்குக.

சந்தையில் மிளகாய் விலை சரியும் நாளில், பயிரிடுவோரின் கூடையும் பால் தருவோரின் குடமும் ஒரே தட்டில் சேர்ந்தால் இருவருக்கும் பலனுண்டு. கோடை விழாவில் விற்க விரும்புவோர், 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டப்படி முன்னதாகவே பதிவு செய்து கொள்வது அவசியம். பன்னீர் விரைவில் கெடும் பொருளாதலால், சுட்டவுடன் பரிமாறுக. மிஞ்சியதை மறுநாளைக்கு வைத்து விற்க வேண்டாம். வாங்குவோரின் நம்பிக்கையே நம் சங்கத்தின் முதல்.